தட்டடவுக்கு ஒரு கால்

செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். அளவெடுக்கும் முன் எல்லோரிடமும் ஒன்று கேட்பேன்: "இந்தக் காலை வச்சு என்ன செய்யப்போறீங்க?" வயலில் இறங்குபவருக்கும் கல்லாவில் உட்காருபவருக்கும் ஒரே மாதிரி செய்துகொடுத்தால், ஒருவர் காலைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்.

போன வருடம் ஒரு பெண், முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லாதவர், "அரைமண்டி உட்காரணும் அண்ணா" என்றார். பரதத்தில் முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி, பாதி உட்கார்ந்தபடி ஆடும் நிலை அது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் சுதா சந்திரன்.

மும்பையில் பரதம் பயின்றவர் அவர். 1981-இல் திருச்சி அருகே நடந்த சாலை விபத்துக்குப் பின், அழுகிப்போன வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பதின்ம வயதுதான். ஜெய்ப்பூரில் செயற்கைக் கால் பொருத்திவந்த டாக்டர் பி.கே. சேத்தியைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு அவரைத் தேடிப் போனார். 1984 ஜனவரியில் மும்பையில் மறுபடியும் மேடை ஏறினார். அடுத்த வருடம் அவர் கதையே 'மயூரி' என்று தெலுங்கில் படமானது; அவரேதான் நடித்தார்.

எல்லோரும் சொல்வது அந்த மேடையை. நான் நினைத்துக்கொள்வது இடையில் போன மாதங்களை. அந்த நாள் வெளிநாட்டுக் கால்கள் பூட்ஸுக்குள் மறைவதற்காகச் செய்தவை, கணுக்கால் அசையாது. வெறுங்காலோடு நடக்கவும் குத்துக்காலிட்டு உட்காரவும் வளையும் ரப்பர் பாதத்தை 1968 வாக்கில் சேத்தியோடு சேர்ந்து உருவாக்கியவர் ராம்சந்திர சர்மா. அவர் டாக்டர் இல்லை, கைவினைஞர். எங்களைப் போன்றவர்களுக்கு அவர் பெயரும் முக்கியம்.

ஆனால் நாட்டியத்துக்குப் பாதம் மட்டும் வளைந்தால் போதாது. தட்டும் ஒவ்வொரு அடியும் சாக்கெட், அதாவது மிச்சமிருக்கும் காலை நுழைக்கும் கிண்ணம், வழியாக அந்தக் காலில் போய் இடிக்கும். சுதா பயிற்சியில் ரத்தம் கசியக் கசிய ஆடியிருக்கிறார். அதை வீரம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. அந்த ரத்தத்தைக் குறைப்பதுதானே எங்கள் வேலை?

அந்தப் பெண்ணுக்கு முதல் சாக்கெட்டை வழக்கம்போலத்தான் செய்தேன். முழங்காலை மடக்கியதும் பின்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாணில் வெட்டியது. சரி என்று விளிம்பை இறக்கினேன். இப்போது சதை பிதுங்கியது. கொஞ்சம் ஏற்றி, ஓரத்தை வெளிப்பக்கமாக வளைத்தேன். அப்புறம் பாதத்தின் கோணம். நிற்கும்போது சரியாக இருந்தது, அரைமண்டியில் குதிகால் தூக்கியது.

நான்காவது முறை வந்தபோது சலங்கையையும் கொண்டுவந்திருந்தார். பட்டறை சிமெண்ட் தரையில், "தெய்யா தெய்" என்று தானே சொல்லிக்கொண்டு, பரதத்தின் முதல் அடவான தட்டடவைத் தட்டினார். இடது காலுக்கும் வலது காலுக்கும் சத்தம் வேறு வேறாகக் கேட்டது. நிறுத்தினார்.

"வலது கொஞ்சம் லேட்டா விழுது, இல்லண்ணா?"

"ஆமாம்மா. கழற்றிக் கொடுங்க" என்று பென்சிலை எடுத்தேன்.