புது வாட்டர் பம்ப் போட்டும் ஒழுக்கு நிற்கவில்லை: பழைய ஜென்னில் சரிசெய்த விதம்

பம்ப் புதிது, அதன் விளிம்பில் வைக்கும் அட்டைப் பேக்கிங் புதிது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் புதிது. ஆனாலும் மறுநாள் காலையில் காருக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை ஈரம். பழைய மாருதி ஜென்னில் வாட்டர் பம்ப்பைக் கழற்ற டைமிங் பெல்ட் வரை இறக்க வேண்டும் என்பதால், அந்த ஈரத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கும். அதற்காக உடனே ஸ்பானரை எடுக்காதீர்கள். எங்கிருந்து ஒழுகுகிறது என்று உறுதியாகத் தெரியாமல் இரண்டாம் முறை கழற்றினால் மூன்றாம் முறையும் கழற்ற வேண்டி வரும்.

முதலில் எஞ்சின் முழுக்க ஆறட்டும். பம்ப்பைச் சுற்றியுள்ள இடம், கீழ் ஹோஸ், கிளாம்ப், தெர்மோஸ்டாட் இருக்கும் கூடு எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றிக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவுங்கள். வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தால் ஈரம் பவுடரில் கோடு போட்டிருக்கும். கோடு தொடங்கும் உச்சிப் புள்ளிதான் ஒழுக்கின் இடம். கீழே சொட்டும் இடத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவோம். மேலே ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் தண்ணீர் வழிந்து வந்து பம்ப்பின் அடியில்தான் சொட்டும்.

பம்ப்பின் உடலில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வேலையே ஒழுகுவதுதான். உள்ளே இருக்கும் சீலைத் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்த வழியாக வெளியேறும். புதுப் பம்ப்பில் முதல் சில நிமிடங்கள் ஓரிரு துளி கசிந்து நின்றுவிட்டால் கவலை வேண்டாம். சீலின் இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று தேய்ந்து படிய அந்த நேரம் ஆகும். தொடர்ந்து சொட்டினால் சீல் போய்விட்டது. பம்ப்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை. புது சீல் இவ்வளவு சீக்கிரம் போகப் பெரும்பாலும் நாம்தான் காரணம்: கூலன்ட் ஊற்றாமல் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது, புல்லியைச் சுத்தியால் தட்டி உட்கார வைப்பது, பெல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டுவது. தண்ணீர் இல்லாமல் சில நொடிகள் சுற்றினாலே சீலின் முகம் சூடேறிக் கீறல் விழும்.

துளை காய்ந்திருந்து, பம்ப்பும் எஞ்சின் பிளாக்கும் சேரும் விளிம்பில் ஈரம் இருந்தால் குற்றம் பம்ப்பின் மேல் இல்லை. மறுபடி கழற்றியபோது இங்கே தெரிந்தவை இரண்டு. பம்ப்பைச் சரியான இடத்தில் நிறுத்தும் பொசிஷன் பின்னை ஒட்டிய மூலையில் பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒன்று நகத்தின் தடிமனுக்கு ஒட்டியிருந்தது. இன்னொன்று, நீளமான போல்ட் ஒன்று குட்டை போல்ட்டின் துளையில் போயிருந்தது.

இந்த இரண்டாவது தவறு கையை ஏமாற்றும். போல்ட் துளையின் அடியில் முட்டி நின்றுவிடும். ஸ்பானருக்கு நன்றாக இறுகியதுபோல் இருக்கும், ஆனால் அந்த இடத்தில் பம்ப்பைப் பிடித்து அழுத்தும் பலம் எதுவுமே இருக்காது. தவிர்ப்பது எளிது: பேக்கிங் வைப்பதற்கு முன் போல்ட்டுகளைப் பம்ப்பில் செருகி, பின்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மெல்லிய கம்பியால் துளையின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். துளைக்குள் தண்ணீரோ அழுக்கோ தேங்கியிருந்தாலும் இதே கதைதான். அதற்கு மேலும் முறுக்கினால் அலுமினிய மரை பெயர்ந்து வரும். மரை வெட்டும் 6 மில்லிமீட்டர் டேப்பைக் கையால் மெல்ல ஓட்டி, காற்று அடித்துச் சுத்தம் செய்தால் போதும்.

பம்ப்பும் பிளாக்கும் ஒட்டும் முகத்தைத் துடைப்பதில்தான் இந்த வேலையின் பாதி நேரம் போக வேண்டும். முதலில் துளைகளையும் தண்ணீர் வழியையும் துணியால் அடைத்துவிடுங்கள். பேக்கிங் துணுக்குகளைப் பிளாஸ்டிக் சுரண்டியாலோ, படுக்க வைத்துப் பிடித்த பிளேடாலோ எடுங்கள். கிரைண்டரில் உப்புத்தாள் வட்டை மாட்டித் தேய்ப்பதைப் பலர் செய்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அலுமினியம் கண்ணுக்குத் தெரியாமல் குழிந்துவிடும், தூளும் எஞ்சினுக்குள் போகும். சமமான மரக்கட்டையில் 320 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி லேசாகத் தேய்த்தாலே போதுமானது. இரும்பு அடிக்கோலை முகத்தின் மேல் குறுக்கே வைத்து, மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜைச் செருகிப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழையாவிட்டால் நல்ல முகம்; 0.1 தகடு தாராளமாக நுழைந்தால் அட்டைப் பேக்கிங் மட்டும் அதைத் தாங்காது. கடைசியில் தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். புதுப் பம்ப்பின் முகத்தில் பூசியிருக்கும் துருத் தடுப்பு எண்ணெயையும் மறக்காமல் துடையுங்கள்.

அடுத்தது ஒழுக்கை அடைக்கப் பூசும் சிலிக்கான் பசை. ஒழுகிவிட்டது என்றதும் அனபாண்ட் டியூபை எடுத்துத் தாராளமாகப் பிழிவது வழக்கமாகிவிட்டது. முகம் சமமாக இருந்தால் அட்டைப் பேக்கிங் உலர்வாகவே வேலை செய்யும். சிறு குழிகள் இருந்தால் இரண்டு பக்கமும் விரலால் வழித்த மெல்லிய படலம் போதும். தடியாகப் பூசினால் அது வழுக்கலாகி, இறுக்கும்போது பேக்கிங்கை வெளியே தள்ளிவிடும். உள்ளே பிதுங்கும் பகுதி பிய்ந்து ரேடியேட்டர் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். சிலிக்கான் பூசினால் 24 மணி நேரம் காய விடாமல் கூலன்ட் ஊற்றக் கூடாது.

பம்ப்பை வைக்கும்போது பொசிஷன் பின்கள் நேராக உட்கார்ந்திருக்கின்றனவா பாருங்கள். போல்ட்டுகளை எல்லாம் முதலில் விரலால் முறுக்கி, பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி 4, 7, 10 நியூட்டன் மீட்டர் என்று மூன்று தவணையாக இறுக்குங்கள். பத்து நம்பர் ஸ்பானர் பிடிக்கும் போல்ட்டுக்கு 10 என்பது கைக்கு மிகக் குறைவாகத் தோன்றும், அதனால்தான் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வேண்டும் என்கிறேன். இந்த எஞ்சினில் பம்ப்புக்கும் ஆயில் பம்ப்புக்கும் இடையில் ஒரு ரப்பர் சீலும், பம்ப்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையில் இன்னொன்றும் வரும். அவை தண்ணீரைப் பிடிப்பவை அல்ல, டைமிங் பெல்ட் பக்கம் தூசி போகாமல் மறைப்பவை. பம்ப்பை இறுக்கிய பிறகுதான் செருக வேண்டும். முன்பே வைத்தால் பம்ப்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு வேலை செய்யுங்கள், இதுதான் இரண்டாம் முறை கழற்றியதில் கிடைத்த பெரிய பாடம். டைமிங் பெல்ட்டை மாட்டுவதற்கு முன்பே ஹோஸ்களைப் பொருத்தி, ரேடியேட்டரை நிரப்பி, பிரஷர் டெஸ்டரை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் பொறித்திருக்கும் அளவு வரை, பெரும்பாலும் 0.9 பார், கையால் அழுத்துங்கள். இருபது நிமிடம் முள் இறங்காமலும் விளிம்பு காய்ந்தும் இருந்தால் தைரியமாக மேலே போகலாம். டெஸ்டர் கிடைக்காவிட்டால் வாய் வரை நிரப்பி ஓர் இரவு அப்படியே விட்டுப் பாருங்கள். பெரிய ஒழுக்காவது அதில் தெரிந்துவிடும்.

டைமிங் பெல்ட்டில் கூலன்ட் பட்டு ஊறியிருந்தால் அதைத் திரும்ப மாட்டாதீர்கள். புல்லிகளில் உள்ள டைமிங் குறிகளைச் சேர்த்துப் புது பெல்ட்டைப் போட்டபின், எஞ்சினைக் கையால் கடிகாரத் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் மறுபடி சேர்கின்றனவா பாருங்கள். வெளியே பம்ப்பை ஓட்டும் பெல்ட்டை நடுவில் பத்து கிலோ அளவுக்கு அழுத்தினால் 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை அமுங்க வேண்டும்.

கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. உப்பு கலந்த போர் தண்ணீரை ஊற்றினால் இவ்வளவு பாடுபட்டுத் துடைத்த அலுமினிய முகத்தை உள்ளிருந்தே அரித்துவிடும். ஹீட்டரைச் சூட்டில் திறந்து வைத்து, ரேடியேட்டர் மூடி இல்லாமல் எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை குமிழ் வரும், மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். கீழே சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். அது இனிக்கும் விஷம், தெரு நாயும் பூனையும் நக்கிவிடும்.

மறுநாள் குளிர்ந்த நிலையில் மட்டத்தைப் பார்த்துக் குறைந்த அளவை ஊற்றுங்கள். உள்ளே நின்ற காற்று வெளியேறுவதால் முதல் நாள் கொஞ்சம் குறையும். இரண்டாம் நாளும் குறைந்தால் மறுபடி பவுடர்தான்.