மாட்டோடு வீடு மாறிய ஜூன் 1

நியூசிலாந்தில் பால் பண்ணைக் கணக்குக்கு வருடப் பிறப்பு ஜூன் 1. பழைய ஒப்பந்தங்கள் மே 31-ல் முடியும், மறுநாளை ஒட்டி நாடு முழுக்க ரோட்டில் பண்ணை மாறுபவர்களின் மாட்டு லாரிகள்தான். ஆஷ்பர்ட்டன் பக்கம் நான் வேலை பார்க்கும் அயர்லாந்துக் குடும்பமும் இந்த முறை அப்படிக் கிளம்பியது. கூடவே நானும்.

முதலாளி கார்க் மாவட்டத்து விவசாயி வீட்டு இளைய மகன். நிலம் அண்ணனுக்குப் போய்விட்டது. வெளியே வாங்கலாம் என்றால் அங்கே நிலம் விலைக்கு வருவதே அபூர்வம். அவர் 2012-ல் புறப்பட்டபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் பால் கோட்டா, அதாவது இவ்வளவுதான் உற்பத்தி செய்யலாம் என்ற வரம்பு, வேறு இருந்தது, அது 2015-ல்தான் போனது. இங்கே வந்து கூலி ஆளாகச் சேர்ந்து, மேனேஜராகி, அப்புறம் 50:50 ஷேர்மில்க்கர் ஆனார். அதாவது நிலமும் கறவைக் கொட்டகையும் உரிமையாளருடையது, மாடும் ஆட்களும் இவருடையது, பால் பணம் சரிபாதி. நம்மூர் வாரச் சாகுபடி மாதிரிதான், ஆனால் இங்கே வாரக்காரர் கையில் பெரிய முதல் இருக்க வேண்டும். 500-க்கும் மேற்பட்ட சினை மாடுகள். முக்கால்வாசி வங்கிக் கடன்.

அந்தக் கடனை அவர் வாங்கியதே எல்லோரும் பயந்த காலத்தில். இங்குள்ள பெரிய பால் கூட்டுறவான ஃபான்டெரா கொடுத்த விலை 2013-14 பருவத்தில் ஒரு கிலோ பால் திடப்பொருளுக்கு (பாலிலுள்ள கொழுப்பும் புரதமும்) 8.40 நியூசிலாந்து டாலர். அடுத்த பருவம் 4.40, அதற்கடுத்து 3.90. மாட்டு விலையும் சேர்ந்து விழ, அப்போது வாங்கினார். துணிச்சல் என்று அவர் சொல்லுவார், பைத்தியக்காரத்தனம் என்று அவர் மனைவி சொல்லுவார். எனக்கு அக்கா சொல்வதுதான் சரி என்று படும்.

சரி, மாறும் கதைக்கு வருகிறேன். மே கடைசிக்குள் எல்லா மாட்டுக்கும் பால் வற்றவிட்டாயிற்று. பெரிய வேலை காதுவில்லை. நாட்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் நெய்ட் என்ற பதிவு உண்டு. மாடு இடம் மாறினால் 48 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவில் குறிக்க வேண்டும், மின்னணு வில்லை இல்லாத மாடு லாரி ஏறக் கூடாது. 2017-ல் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற மாட்டு நோய் வந்த பிறகு இதில் யாரும் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை. ஒவ்வொன்றாகச் சந்துக்குள் விட்டு, நான் ஸ்கேனரைக் காதருகே நீட்டுவேன், பீப் வந்தால் அடுத்தது. வேலியில் மாட்டி வில்லையைக் கிழித்துக்கொண்டவை எப்படியும் சில இருக்கும். அவற்றுக்குப் புதிது குத்தும்போது தலையை உதறி என் முகமெல்லாம் எச்சில்.

ஏற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பே பச்சைப் புல்லிலிருந்து ஓட்டி வந்து கல் பாவிய தளத்தில் நிறுத்த வேண்டும். தண்ணீரும் காய்ந்த புல்லும் மட்டும். பச்சை தின்ற வயிற்றோடு ஏறினால் லாரியில் சாணி சேரும் தொட்டி நிரம்பிச் சாணித் தண்ணீர் ரோட்டில் வழியும், மாடும் வழுக்கி விழும். முன்னதாகவே மக்னீசியம் கொடுத்து வந்தோம். சினை மாடு பயண அலைச்சலில் மக்னீசியம் குறைந்தால் விறைத்து விழுந்துவிடும்.

விடியும் முன் முதல் லாரி வந்தது. ரக்காயா ஆற்றின் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டி, கிறைஸ்ட்சர்ச் வழியாக வடக்கே கல்வர்டன். புதிய இடத்தில் சோதனை காத்திருந்தது: முன்பு இருந்தவர்கள் மின்வேலியை ஒரு பக்கம் அறுத்துப் போட்டிருந்தார்கள், தண்ணீர்த் தொட்டி ஒன்றில் மிதவை உடைந்திருந்தது. தாகத்தோடு இறங்கிய மாடுகள் ஒரே தொட்டியில் மோத, முதலாளியும் நானும் இருட்டும்வரை குழாயோடு மல்லுக்கட்டினோம். அக்கா பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்க்கும் விண்ணப்பத்தைக் காரில் உட்கார்ந்தே நிரப்பினார். அவர்களுக்கு இது மூன்றாவது பள்ளி.

இந்தக் குடும்பத்துக்கு எதிர்காலம் எப்படி? எங்கள் பகுதியான கான்டர்பரியில் பாசன நிலம் ஹெக்டேருக்குப் பல பத்தாயிரம் டாலர், மாட்டை மட்டும் வைத்து அதை எட்டுவது முன்பைவிடக் கடினம். பால் விலை ஏறினால் உரிமையாளர்கள் பாதி கொடுக்க யோசித்து, சம்பள மேனேஜர் போதும் என்கிறார்கள். ஆனாலும் கார்க்கில் இருந்திருந்தால் அண்ணன் பண்ணையில் சம்பளக்காரராகத்தான் இருந்திருப்பார். இங்கே மந்தை அவர் பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பிறக்கும் கிடேரிகளும் அவருடையவை. திரும்பிப் போகும் பேச்சு கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் எழும், கறவை மும்முரத்தில் அமுங்கிவிடும்.

இப்படி வேலைக்கு வர நினைப்பவர்கள், முதலாளியின் ஒப்பந்தம் எந்த ஜூனில் முடிகிறது என்று சேரும்போதே கேளுங்கள். நம் வேலை விசாவில் முதலாளி பெயரோடு பகுதியும் இருக்கும். இரண்டு ஊரும் கான்டர்பரிக்குள் என்பதால் எனக்குப் பிரச்சினை வரவில்லை. வேறு பகுதியான சவுத்லாந்துக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும்.