டை எப்பவும் தொப்புளுக்கு மேலயே நின்னுடுது

என் உயரம் 6 அடி 3 அங்குலம், காலர் சைஸ் பதினேழரை. இந்த ரெண்டையும் சொன்னாலே டை கட்டிப் பழகினவங்களுக்கு என் பிரச்சனை புரிஞ்சிடும். ரெடிமேட் டை பெரும்பாலும் 57, 58 அங்குலம்தான் வரும், அத என் கழுத்த சுத்தி முடிச்சுப் போட்டு இறக்கினா நுனி பெல்ட்டுக்கு நாலு விரல் மேலயே நின்னுடும். பெல்ட் பக்கிள தொட்டும் தொடாம நிக்கணும், அதுதான் கணக்கு. பழைய ஆபீஸ் குரூப் போட்டோ எதை எடுத்துப் பார்த்தாலும் பின் வரிசைல ஒருத்தன் கோட் பட்டன இறுக்கிப் போட்டுகிட்டு விறைப்பா நிப்பான், அது ஸ்டைல் இல்ல சாமி, டை குட்டையா இருக்கறது தெரியக்கூடாதுன்னு மறைக்கிறேன்.

இத்தனை வருஷம் டைய திட்டிக்கிட்டே கட்டினவன் இப்போ யாரும் கட்டச் சொல்லாதப்போ காசு குடுத்து அளவெடுத்து தைச்சுக்கறேன், வீட்ல கேட்டா சிரிக்கறாங்க. ஆனா எனக்கு இதுல ஒரு நியாயம் இருக்கு. கட்டாயமா இருந்தப்போ அது யூனிஃபார்ம், ஏதோ ஒண்ணு கழுத்துல தொங்கினா போதும். இப்போ அந்தக் கட்டாயம் போயிடுச்சு. ஜப்பான்ல 2005லயே கூல் பிஸ்னு சொல்லி வெயில் காலத்துல டைய கழட்டுங்க ஏசிய குறைங்கன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு, இங்கிலாந்துல 2007ல தொத்து பரவுதுன்னு நோயாளிய பாக்கும்போது டாக்டருங்க டை கட்டவேண்டாம்னு சுகாதாரத் துறையே சொல்லிடுச்சு, 2008ல அமெரிக்க டை கம்பெனிகளோட சங்கமே மூடுவிழா நடத்திடுச்சு, 2019ல கோல்ட்மேன் சாக்ஸ்ங்கற பெரிய அமெரிக்க பேங்கே டிரஸ் கோட தளர்த்திடுச்சு. அதுக்கப்புறம் கொரோனா வந்து மிச்சம் மீதிய முடிச்சிடுச்சு. ஆக இன்னிக்கு ஒருத்தன் டை கட்டறான்னா அவனுக்கு ஆசையா இருக்குன்னு அர்த்தம், ஆசைப்பட்டு கட்டறவன் அளவு சரியில்லாம எதுக்கு கட்டணும்?

ஃபேஷன் பக்கம் பார்த்தா டையோட அகலம் எப்பவுமே கோட் லேபல் (கோட் காலருக்கு கீழ நெஞ்சுல மடிஞ்சு நிக்கற பட்டை) பின்னாடிதான் ஓடும். 1960-கள்ல லேபல் ஒல்லி, டையும் ரெண்டு அங்குலத்துக்கு சுருங்கிச்சு. 70-கள்ல கிப்பர் டைன்னு நாலு, அஞ்சு அங்குலத்துக்கு பலகை மாதிரி வந்துது. 90-கள்லயும் அகலம்தான், அப்புறம் 2000-கள் கடைசில மறுபடி ஒல்லி. இப்போ ரெண்டு வரிசை பட்டன் வச்ச டபுள் பிரெஸ்ட் கோட், மடிப்பு வச்ச பேன்ட், அகல லேபல் எல்லாம் திரும்ப வந்துட்டதால டை மூணேகால், மூணரைன்னு நிக்குது. ஒல்லி டை வாங்கி குவிச்சவங்க பத்திரமா வச்சிருங்க, எப்படியும் சுத்தி வரும். நான் டிரெண்ட பாக்கறதில்ல, ஸ்கேல எடுத்து கோட் லேபல அளந்து அதே அகலத்துல டை கேப்பேன், அவ்ளோதான்.

பளபள சாட்டின் டை மேல இருந்த மோகமும் கொறஞ்சிடுச்சு, இது எனக்கு சந்தோஷம். கிரெனடின், நிட் (பின்னல் துணி), கம்பளி மாதிரி தொட்டா சொரசொரன்னு இருக்கற துணிதான் இப்போ விஷயம் தெரிஞ்சவங்க கட்டறது. கிரெனடின்னா வலை மாதிரி இடைவெளி விட்டு முறுக்கி நெய்யற பட்டு, இத்தாலில கோமோ பக்கம் நெய்யறாங்க. ஒத்த கலர்தான், தூரத்துல இருந்து பார்த்தா சாதாரணமா தெரியும், கிட்ட வந்தாதான் நெசவே தெரியும்.

சரி கஸ்டம் டை. இந்த வார்த்தைய போட்டு தேடினா பாதிக்கு மேல கம்பெனி லோகோ அச்சடிச்சு நூறு பீஸ் தர்றவங்கதான் வர்றாங்க. மிச்சப் பேர் பின்னாடி உங்க பேர எம்ப்ராய்டரி போட்டுத் தர்றோம்னு நிக்கறாங்க. நீளம் கேட்டா "ஸ்டாண்டர்ட் சைஸ் சார்". அப்போ எதுல சார் கஸ்டம்?

என் முதல் கஸ்டம் டை ஆன்லைன்ல வாங்கினது, கடை பேர் வேண்டாம், தப்பு என்மேலதான். உள்ள வைக்கிற கேன்வாஸ் மெல்லிசா கனமான்னு கேட்டிருந்தாங்க, கனம்னா தரம்னு நெனச்சு அதையே டிக் பண்ணேன், துணியும் கெட்டி ஜக்கார்டு பட்டு, அதாவது நெசவுலயே டிசைன் வர்றது. வந்தத கட்டிப் பார்த்தா முடிச்சு கைமுஷ்டி சைஸ்ல இருக்கு, சட்டைக் காலர் ரெண்டு பக்கமும் றெக்கை விரிச்சுகிட்டு நிக்குது.

அத எடுத்துகிட்டு ஒரு வயசான மாஸ்டர்கிட்ட போனேன், சூட் தைக்கறவர், டையும் தைப்பார். கைல வாங்கி விரலால நசுக்கிப் பார்த்துட்டு, "துணி கெட்டின்னா கேன்வாஸ் மெல்லிசா இருக்கணும் தம்பி, துணி மெல்லிசுன்னாதான் கேன்வாஸ் கெட்டியா வேணும். ரெண்டும் கெட்டின்னா போர்வையக் கட்டின மாதிரிதான்"னார். அப்புறம் டைய திருப்பி, பின்பக்கம் ரெண்டு மடிப்பும் சேர்ற இடத்துல சின்னதா ஒரு நூல் வளையம் துருத்திகிட்டு இருந்தத காட்டினார். லேசா இழுங்கன்னார். இழுத்தேன், டை முழுசும் திரைச்சீலை மாதிரி சுருங்கிச்சு. விட்டு நீவினேன், பழையபடி ஆயிடுச்சு. முழு டையும் ஒத்த நூல்ல தளர்வா நூலோட்டம் போட்டு, மிச்ச நூல அந்த வளையமா விட்டு வச்சிருப்பாங்களாம், தினமும் இழுத்து முடிச்சுப் போடும்போது துணி நகர்றதுக்கு தகுந்த மாதிரி நூலும் நகரணும், இல்லன்னா பட்டுனு அறுந்துடும். "நூல் தொங்குதேன்னு கத்தரிச்சிட்டு அப்புறம் வந்து நிப்பாங்க, நீங்க அத பண்ணிடாதீங்க மாஸ்டர் சொன்னாருன்னு ஞாபகம் வைங்க." நான் காலேஜ் படிக்கும்போது ரெண்டு டைக்கு அத பண்ணிருக்கேன், வெளிய சொல்லிக்கல.

துணிய கிராஸா, 45 டிகிரில வெட்டறதும் அவர்தான் காட்டினார். பாவு ஊடை நேரா ஓடினா டை இழுக்க வராது, கசங்கினா கசங்கினபடி நிக்கும். 1920-கள்ல நியூயார்க்ல ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப்னு ஒரு டை தைக்கறவர் கிராஸா வெட்டி மூணு துண்டா சேர்த்து தைக்கற முறைக்கு பேட்டன்ட் வாங்கினார், இன்னிக்கு நாம கட்டற டை அதுதான். கிராஸ் சரியா விழுந்திருக்கான்னு பாக்க ஒல்லி நுனிய பிடிச்சு தொங்க விடுங்க, தானா சுத்தி திரும்பிச்சுன்னா வெட்டினவன் துணிய மிச்சம் பிடிச்சிருக்கான். கடைல நின்னுகிட்டே செய்யலாம், விக்கறவர் ஒரு மாதிரி பாப்பார், பரவால்ல.

நீளத்துக்கு வருவோம், எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான். முன்னாடி மூணு அங்குலம் குறையுதுன்னா மூணு கூட்டி கேட்டா போதாது. பின்னாடி இருக்கற ஒல்லி வாலும் குட்டையாதான் இருக்கும், பின்பக்க பட்டைக்குள்ள சொருக வராது, அதுக்கும் சேர்த்து சொல்லணும். அப்புறம் எந்த முடிச்சு போடறீங்க? வின்ட்ஸர் போட்டா சுத்து அதிகம், துணிய தின்னும், ஃபோர் இன் ஹேண்ட் கம்மியா எடுக்கும். 1999ல கேம்பிரிட்ஜ்ல ஃபிங்க், மாவோன்னு ரெண்டு பிசிக்ஸ் ஆராய்ச்சியாளர்கள் கணக்கு போட்டு டைல 85 முடிச்சு சாத்தியம்னு கண்டுபிடிச்சாங்க, எனக்கு தெரிஞ்சது ரெண்டு, அதுல ஒழுங்கா வர்றது ஒண்ணு. அந்த ஒண்ணப் போட்டு ஒரு பழைய டைய கட்டிகிட்டு நிக்கச் சொல்லித்தான் மாஸ்டர் அளந்தார், எனக்கு 63 அங்குலம்னு வந்துது.

கோடு போட்ட டிசைன் நீங்களே தேர்ந்தெடுக்கறதா இருந்தா ஒரு எச்சரிக்கை, பிரிட்டிஷ் ரெஜிமென்ட் (ராணுவப் படைப்பிரிவு), கிளப், காலேஜ்னு ஒவ்வொண்ணுக்கும் சொந்தக் கோடு உண்டு. அங்க கோடு இடது தோள்ல இருந்து கீழ எறங்கும், அமெரிக்கால ப்ரூக்ஸ் பிரதர்ஸ்ங்கற துணிக் கம்பெனி அத திருப்பிப் போட்டாங்க. தெரியாம யாரோட ரெஜிமென்ட்டையாவது கழுத்துல கட்டிகிட்டு போயிடாதீங்க.

புது டை வந்து மூணு வாரம் ஆச்சு. மெல்லிசு கேன்வாஸ், மூணேகால் அகலம், நுனி கரெக்டா பக்கிள்ல நிக்குது. முதல் நாள் ஆபீஸ்ல கோட்ட கழட்டி சேர்ல போட்டுட்டு நாள் முழுக்க சும்மாவே அங்கயும் இங்கயும் நடந்தேன், ஒருத்தரும் கவனிக்கல. அடுத்தது நேவி ப்ளூ கிரெனடின், துணி சொல்லியாச்சு.