மீன் கரையேறிய பிறகு

திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் இறங்கும் மீன் கொழும்பை அடுத்த பேலியகொடை மொத்தச் சந்தையைச் சென்றடையும் வரையிலான பயணத்தைக் கவனித்தால், ஒரு வணிகத்தின் சுற்றுச்சூழல் சுமை அதன் கடைவாசலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுவது தெரியும். ஐஸ் போதாமற்போனால் செவுளின் சிவப்பு மங்கும், கண் குழியும், விலை விழும். அந்த மீனுக்காகக் கடலில் எரித்த டீசலும் வீணாகும். ஆகவே பழுதாவதைக் குறைப்பதையே பசுமை வழங்கல் சங்கிலியின், அதாவது சூழலுக்குக் கேடு குறைத்துப் பொருளை வாங்குவோரிடம் சேர்க்கும் தொடரின், முதல் வேலையாக நான் கருதுகிறேன். உடைந்து வெண்மணிகளாக மணலில் கலக்கும் ரெஜிபோம் (நுரைப் பிளாஸ்டிக்) பெட்டிகளுக்குப் பதிலாக, கழுவித் திரும்ப அனுப்பக்கூடிய தடித்த குளிர்காப்புப் பெட்டிகளை மொத்த வியாபாரிகள் வைப்புப்பணம் பெற்றுச் சுழற்சியில் விடலாம். வெறுமையாகத் திரும்பும் லொறியிலேயே அவை வந்து சேரும்.

மீன் எங்கே, எப்படிப் பிடிக்கப்பட்டது என்பதும் இதே சங்கிலியின் கண்ணிதான். சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கப் போதிய நடவடிக்கை இல்லையென்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. கண்காணிப்பு முறைகள் சீராக்கப்பட்ட பின்னர், 2016 ஜூனில்தான் அத்தடை நீங்கியது. ஏற்றுமதிக்குக் காட்டும் அந்தக் கவனம் உள்ளூர்ச் சந்தைக்கும் வேண்டும். எந்தப் படகு, எந்த வலை, எந்த நாள் என்ற விபரம் பெட்டியோடு பயணிக்குமானால், தடைசெய்யப்பட்ட முறையில் பிடித்த மீனை வாங்க மறுக்கும் வலிமை நமது ஹோட்டல்களுக்கும் கிடைக்கும்.