உங்கள் மீன்களிலும் சிலவற்றைக் கொண்டுவாருங்கள்

கலிலேயாக் கடலோரத்தில் உள்ள தப்கா ஆலயம், இயேசு ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேரைப் போஷித்த இடமாகப் போற்றப்படுகிறது. அதற்குள் வருகிறவர்கள் முதலில் குனிந்து அப்பங்களை எண்ணுகிறார்கள். பீடத்துக்கு முன்னால் தரையில், 5ஆம் நூற்றாண்டில் சின்னஞ்சிறு கற்களால் பதித்த மொசைக் சித்திரம் இருக்கிறது. நடுவில் ஒரு கூடை, இரு பக்கமும் ஒவ்வொரு மீன். கூடைக்குள் சிலுவைக் குறியிட்ட வட்ட அப்பங்கள். எத்தனை முறை எண்ணினாலும் நான்குதான் வருகிறது. ஐந்தாவது அப்பம் பீடத்தின்மேல் திருவிருந்தில் பிட்கப்படுவது என்று விளக்கம் சொல்கிறார்கள். பீடத்தின் அடியில் கரடுமுரடான ஒரு பாறை. ஆண்டவர் அப்பங்களை அதன்மேல் வைத்து ஸ்தோத்திரம் பண்ணினார் என்பது பழைய மரபு. இப்போதுள்ள ஆலயம், பழைய ஆலயம் இருந்த இடத்திலேயே 1982இல் கட்டி முடிக்கப்பட்டது. பெனடிக்ட் சபைத் துறவிகள் அதைப் பராமரிக்கிறார்கள்.

எனக்கு அந்த அப்பங்களையும் மீன்களையும் வைத்திருந்த பையனின் நினைவாகவே இருந்தது. ஐயாயிரம் பேர் சாப்பிட்ட நிகழ்ச்சியை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. பையனைப் பற்றிச் சொல்பவர் யோவான் ஒருவரே. அவரும் பெயரைச் சொல்லவில்லை. பையனிடம் இருந்தவை வாற்கோதுமை அப்பங்கள், ஏழைகளின் உணவு. "இவ்வளவு ஜனங்களுக்கு எம்மாத்திரம்" என்று சீஷரான அந்திரேயாவே தயங்குகிறார். அன்று அற்புதம் எதுவும் நடக்கவில்லை, ஆளாளுக்கு ஒளித்து வைத்திருந்ததை வெளியே எடுத்துப் பகிர்ந்தார்கள் என்று விளக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அற்புதமேதான். ஆனால் வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்னும் உணவைப் பொழியப்பண்ணின தேவன், இங்கே ஒரு சிறுவனின் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு தொடங்கினாரே, அதை நினைத்துத்தான் நெடுநேரம் அந்தப் பாறையருகே நின்றேன்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தண்ணீரை ஒட்டிக் கருங்கல்லில் கட்டிய சிறிய ஆலயம் ஒன்று. 1933இல் பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டியது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்த இடமாக அதைப் போற்றுகிறார்கள். கரையில் கூழாங்கற்கள்மேல் உட்கார்ந்தோம். போதகர் யோவான் 21ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தார். சீஷர்கள் கரையேறும்போதே கரிநெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. எல்லாம் தயார். அப்படியிருந்தும் இயேசு, "நீங்கள் இப்பொழுது பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவாருங்கள்" என்கிறார். போதகர் அந்த வசனத்தோடு நிறுத்திவிட்டார். ஆண்டவருக்கு நம்முடைய மீன் தேவையே இல்லை. ஆனாலும் அந்த விருந்தில் நம்முடையதும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்.

எங்கள் பயணக் குழுவில் வயதான ஓர் அம்மா இருந்தார். யாருக்குத் தலைவலி என்றாலும் மாத்திரை அவர் பையில் இருக்கும், யார் சோர்ந்தாலும் தண்ணீர் அவர் கையிலிருந்து வரும். அவரைப் பற்றி மட்டும் எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. "எப்படி இருக்கிறீர்கள் அம்மா?" என்றால், "கர்த்தர் கிருபையால் நன்றாக இருக்கிறேன்" என்பார். நம் சபைகளில் வாரந்தோறும் கேட்கிற பதில்தான். உண்மையாக இருக்கும்போது அது நல்ல சாட்சி. பல நேரங்களில் அது கதவைத் தாழிடும் ஓசை என்றே எனக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கரையில் அவராகவே பேசினார். ஒரே மகன் பல வருடங்களாகத் தன்னோடு பேசுவதில்லை என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. கையிலிருந்த வேதாகமத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். யாரும் வசனம் சொல்லி அவரைத் தேற்ற அவசரப்படவில்லை, அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். பக்கத்தில் இருந்த சகோதரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டிலும் இதே பாரம்தான் என்றார். பிறகு, பயணம் முழுவதும் வாய் திறக்காதிருந்த ஒரு சகோதரர், மனைவியை இழந்த பிறகு ஜெபிக்கவே முடியாமல் போனதைச் சொன்னார்.

சுவிசேஷத்தை மட்டுமல்ல, எங்கள் ஜீவனையும் உங்களுக்குக் கொடுக்க மனதாயிருந்தோம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். பொருளைக் கொடுப்பது நமக்குப் பழகிவிட்டது. காணிக்கை கொடுக்கிறோம், உடை கொடுக்கிறோம், நேரத்தைக்கூடக் கொடுக்கிறோம். ஆனால் நம் பலவீனத்தை இன்னொருவர் கையில் வைப்பதற்குத்தான் மனம் வருவதில்லை. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்ற கட்டளையில் இன்னொரு பாதியும் அடங்கியிருக்கிறது. நம் பாரத்தைச் சுமக்கப் பிறருக்கும் இடம் தர வேண்டும். எப்போதும் கொடுப்பவராகவே இருந்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் நம்மை நேசிக்க வழியே இல்லாமல் போகிறது. அந்த அம்மாவிடம் மாத்திரை வாங்கிய எங்களுக்கும் அவருக்குக் கொடுக்க ஏதோ இருந்தது. அவர் பேசிய பிறகுதான் அது எங்களுக்கே தெரிந்தது.

அடுத்துப் பார்க்க வேண்டிய கப்பர்நகூம் ஊருக்கு வைத்திருந்த நேரத்தில் பாதி அந்தக் கரையிலேயே போய்விட்டது. ஜெப ஆலய இடிபாடுகளை ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தோம். யாரும் குறை சொல்லவில்லை. அன்றிரவு ஜெபத்தில் அந்த மகனின் பெயரைச் சொல்லி முதலில் ஜெபித்தவர், ஜெபிக்க முடியவில்லை என்று காலையில் சொன்ன அந்தச் சகோதரர்தான்.

மகன் இன்னும் பேசவில்லை. எங்களில் யாராவது ஒருவர் வாரக் கடைசியில் அம்மாவுக்குப் போன் செய்கிறோம். இப்போதெல்லாம் அவர் முதலில் தன் பாடுகளைச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் பாடுகளைக் கேட்கிறார்.