பருப்பு வயலோரம் ஒரு கூடாரம்

கனடாவின் ரெஜைனா நகரை விட்டுத் தென்மேற்கே கிளம்பிச் சிறிது நேரத்திலேயே ஸ்டியரிங்குக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. சஸ்காச்சுவான் மாநிலம் உள்ளிட்ட மேற்குக் கனடாச் சமவெளியை 1871 முதல் நில அளவையாளர்கள் ஒரு மைல் சதுரங்களாகக் கட்டம் கட்டிவிட்டார்கள். ஒரு கட்டம் 640 ஏக்கர். அதில் கால்பங்கு, 10 டாலர் கட்டணத்துக்குக் குடியேறிகளுக்குக் கிடைத்தது. (அதுவரை அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் கதை வேறு.) சாலைகளும் அந்தக் கோடுகளின் மேல்தான் ஓடுகின்றன.

வடக்கு தெற்காகப் போகும் மண்சாலை மட்டும் சில இடங்களில் வெடுக்கென்று ஒடிந்து, மறுபடி நேராகிறது. பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். சதுரம் சதுரமாக நிற்காது. அளந்தவர்கள் கணக்கை நேர்செய்த இடம்தான் அந்த ஒடிப்பு.

பைசன் காட்டெருமைகள் உலவும் கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் கூடாரம் அடிப்பதாகத் திட்டம். குறுக்கு வழி என்று நான் நம்பிய மண்சாலையில் மழை பிடித்தது. அந்தக் களிமண் நனைந்தால் அரைத்த உளுந்துமாவுதான். சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அரை மணி நேரம் கழித்து வந்த பெரியவர் ஒருவர் டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துவிட்டார். பக்கத்து வயலில் முழங்கால் உயரச் செடிகள். என்ன பயிர் என்று கேட்டேன். அவர் டிராக்டரின் தரையில் சிந்திக் கிடந்த சாம்பல்நிற விதை ஒன்றை எடுத்து, பல்லால் கடித்துப் பிளந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உள்ளே செம்மஞ்சள். மைசூர்ப் பருப்பு!

அன்றிரவு அவர் வீட்டருகே, காற்றைத் தடுக்க நட்டிருந்த மரவரிசைக்குப் பின்னால் கூடாரம் அடிக்க இடம் கொடுத்தார். ஜூலை மாதம், ஒன்பது மணிக்கும் வெளிச்சம். கொசுக்களை விரட்டிக்கொண்டே அடுப்பில் சாம்பார் வைத்து அவருக்கு ஒரு தம்ளர் கொடுத்தோம். ஊதி ஊதிக் குடித்தவர், டொராண்டோவில் நாங்கள் வாங்கிய பருப்புப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விலையைக் கேட்டார். சொன்னேன். தமக்கு ஒரு கிலோவுக்குக் கிடைப்பதை அவரும் சொன்னார். சற்று நேரம் இருவரும் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் சக்கரத்துச் சேறு கல்லாகியிருந்தது. திருப்புளியால் தட்டித் தட்டி உதிர்த்துவிட்டுக் கிளம்பினோம்.