காலி ஹியூமிடாரை முன்னால் வைத்தால் என்ன செய்வது? கொடைக்கானல் பயிற்சியிலிருந்து செய்முறைத் தேர்வுக்கு

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிறவர்களில் பலர் புகையிலைப் பாடத்தை ஒரே ராத்திரியில் முடித்துவிடுவார்கள். சுருட்டின் மூன்று பகுதிகள், கிளாரோவிலிருந்து ஒஸ்குரோ வரை நிறங்கள், கொரோனா, ரொபஸ்டோ, சர்ச்சில் என்று அளவுகள், கடைசியில் சேமிப்புக்கு '70 சதவீத ஈரப்பதம், 21 டிகிரி செல்சியஸ்' என்று ஒரு வரி. எழுத்துத் தேர்வுக்கு இது போதும். செய்முறையில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) ஒரு புது ஹியூமிடாரை, அதாவது சுருட்டைச் சரியான ஈரப்பதத்தில் வைக்கும் மரப்பெட்டியைக் காட்டி, 'இதைத் தயார் பண்ணுங்க, பண்ணிக்கிட்டே சொல்லுங்க' என்று உட்கார்ந்துவிட்டால் அந்த ஒரு வரி அரை நிமிடம்கூடத் தாங்காது.

நான் பயிற்சிக்குப் போனது கொடைக்கானலில். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். ஹியூமிடாரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பேன், ஏனென்றால் பாடப்புத்தகத்தின் எண் எதுவும் இங்கே தானாக அமையாது. வெளியே மூடுபனி, துவைத்த சட்டை இரண்டு நாளானாலும் காயாது. உள்ளே ஹீட்டர் போட்ட லவுஞ்சில் உதடு வெடிக்கும். இரண்டும் ஒரே கட்டடம், ஒரே காற்று.

இந்தக் கணக்கை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 9.4 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 21 டிகிரியில் 18.3 கிராம் தாங்கும். அதாவது வெளியே பனி மூடி ஒப்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) 100 ஆக இருக்கும் காற்றை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்று 51 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எங்கும் போகவில்லை. 'மலையில்தான் ஏற்கெனவே ஈரம் இருக்கிறதே, ஹியூமிடார் எதற்கு?' என்று கேட்டால் இதுதான் பதில். இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

இனி பெட்டி. உள்ளே பதித்திருப்பது ஸ்பானிஷ் சீடர், தாவரவியல் பெயர் செட்ரெலா ஓடொராட்டா. பெயரில்தான் சீடர், உண்மையில் அது தேவதாரு இனம் அல்ல. மஹோகனி குடும்பம், நம் வேப்பமரமும் அதே குடும்பம்தான். இதை வைவாவில் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஈரத்தை வாங்கித் திருப்பித் தரும், எளிதில் பூஞ்சை பிடிக்காது, நல்ல வாசனை உண்டு என்பதற்காகத்தான் இந்த மரம்.

முதலில் மூடியைச் சோதியுங்கள். ஒரு ரூபாய் நோட்டை விளிம்பில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்து இழுக்க வேண்டும், நழுவி வந்தால் அந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது. நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். அப்புறம் சின்ன டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடி, விளக்கை அணைத்து, எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். இது இரண்டு நிமிட வேலை.

அதிக நேரம் கேட்பது மரத்தைப் பதப்படுத்துவது. ஏன் ஒன்று, இரண்டு வாரம் ஆகிறது என்று பலருக்குச் சொல்லத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உள் அளவு 25, 20, 10 சென்டிமீட்டர் என்றால் கொள்ளளவு 5 லிட்டர். 21 டிகிரியில் 70 சதவீதத்துக்கு அந்தக் காற்றில் இருக்க வேண்டிய மொத்தத் தண்ணீர் 0.06 கிராம் சொச்சம், கிட்டத்தட்ட ஒரு துளி. ஆனால் உள்ளே பதித்த மரம் அரை கிலோ இருந்தால், 50 சதவீத ஈரப்பதக் காற்றில் கிடந்த அது 70 சதவீதத்துக்குச் சமநிலை அடைய இன்னும் 20 கிராம் தண்ணீரைக் குடிக்கும். காற்றில் உள்ளதைப்போல் 300 மடங்கு! பதப்படுத்தாத பெட்டியில் சுருட்டை வைத்தால் மரம் அந்தத் தண்ணீரைச் சுருட்டிலிருந்துதான் எடுக்கும். மேலுறை இலை வெடிப்பது இப்படித்தான்.

எப்படிப் பதப்படுத்துவது? சின்னக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, காலிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். இல்லையென்றால் போவேடா போன்ற நிறுவனங்கள் விற்கும் 84 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்தும் பொட்டலத்தைப் போட்டு 14 நாள் விடலாம். ஈரத்துணியால் மரத்தைத் துடைப்பது பழைய முறை. கேட்டால் சொல்லுங்கள், செய்யாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று நனைந்தால் பலகை வளையும், மூடி பொருந்தாமல் போகும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். அதிலுள்ள உப்புகள், பெட்டிக்குள் ஈரம் கொடுக்க வைக்கும் ஃபோமின் துளைகளை அடைத்துவிடும்.

மரம் குடித்துக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் ஈரப்பதத்தை அளக்கும் மீட்டரைச் சோதித்துவிடலாம். பெட்டியோடு வரும் முள் வைத்த ஹைக்ரோமீட்டரை அப்படியே நம்பக் கூடாது. எங்கள் பார் கேப்டன் அண்ணன் சொல்வார், 'தம்பி, முள்ளு அழகுக்கு. உப்பு போட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசு.' அவர் சொன்ன சோதனை எளிது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரையக் கூடாது, ஈர மணல்போல் இருக்க வேண்டும். மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்துக் காற்றுப்புகாமல் மூடி, ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலுள்ள காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும். மீட்டர் 79 காட்டினால் அது 4 கூட்டிச் சொல்கிறது. பெட்டிக்குள் அது 74 காட்டும்போது உண்மையில் 70. முள் மீட்டரில் பின்பக்கத் திருகால் சரிசெய்யலாம். டிஜிட்டலில் அந்த வசதி இல்லாவிட்டால் வித்தியாசத்தை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

இந்தச் சோதனையில் மலைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. 10 டிகிரி ஆனாலும் 30 டிகிரி ஆனாலும் சாதா உப்பின் எண் 75-ஐ விட்டு ஒரு சதவீதம்கூட விலகாது. கொடைக்கானல் குளிரிலும் வத்தலக்குண்டு வெயிலிலும் ஒரே பதில். ஆனால் ராத்திரி முழுக்க வெப்பநிலை ஏறி இறங்காத அலமாரியில் வையுங்கள், ஹீட்டர் பக்கம் வேண்டாம்.

என்னிடம் எக்ஸ்டர்னல் கேட்ட கேள்வியைச் சொல்கிறேன். 'அறை 12 டிகிரி. பெட்டிக்குள் மீட்டர் 70. சுருட்டு நல்லா இருக்குமா, இல்ல தண்ணி சேர்க்கணுமா?' குளிர்ந்த காற்றில் தண்ணீர் குறைவு, அதனால் சேர்க்க வேண்டும் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. இலையில் எவ்வளவு ஈரம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் ஒப்பு ஈரப்பதம்தான் முடிவு செய்கிறது. குளிரில் இலை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொள்ளும். ஆகவே 70 இருந்தால் சேர்க்க வேண்டாம், 65 வரை இறங்கினாலும் பதற்றப்படத் தேவையில்லை. நான் இதைச் சொல்லிவிட்டு, மீட்டர் உப்புச் சோதனை முடித்ததா என்று திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அடுத்த கேள்வியும் அதிலிருந்தே வந்தது: ராத்திரி குளிரில் காலிப் பெட்டியின் மீட்டர் ஏன் துள்ளுகிறது, நிறைந்த பெட்டியில் ஏன் துள்ளுவதில்லை? மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். காற்றிலிருப்பது ஒரு துளி. சுற்றிலும் மரமும் இலையும் இருந்தால் அந்தத் துளியின் ஏற்ற இறக்கத்தை அவை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் பெட்டியில் முக்கால் பங்காவது சுருட்டு இருப்பது நல்லது. காற்று ஓடக் கொஞ்சம் இடமும் விட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சங்கதி தலைகீழ். ஹீட்டர் இல்லாத ஸ்டோர் ரூமில் ஷூவுக்கே பூஞ்சை பிடிக்கும் காலம் அது. தண்ணீர் நனைத்த ஃபோம் ஈரத்தைக் கொடுக்குமே தவிர வாங்காது. அப்போது அதை எடுத்துவிட்டு, கொடுக்கவும் வாங்கவும் தெரிந்த 65 அல்லது 69 சதவீதப் பொட்டலத்தைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். 75-க்கு மேல் நீடித்தால் பூஞ்சை வரும்.

புகையிலை வண்டு பற்றி மலையில் படிப்பவர்கள் அலட்சியமாக இருப்பார்கள். அதன் முட்டைகள் பொரிப்பது பெரும்பாலும் 24 டிகிரியைத் தாண்டும்போதுதான், கொடைக்கானல் அறைகள் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் சுருட்டு கீழேயிருந்துதானே வருகிறது. முட்டை தூங்கிக்கொண்டே மலையேறி, ஹியூமிடாரைச் சமையலறைச் சுவர் ஓரமாக வைத்த அன்று விழித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் காற்றுப்புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு நாள், அதன்பின் அறைக்கு. நேரடியாக வெளியே எடுத்தால் மேலுறை பிளக்கும்.

வாசனையும் அப்படித்தான். மரமும் இலையும் பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சும். லினன் அலமாரியில் அந்துருண்டை, ரிசப்ஷனில் யூகலிப்டஸ் தைலம் என்று மணக்கும் ஊரில் பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கே மதிப்பெண் உண்டு.

தமிழ்நாட்டுச் சுருட்டு பற்றிக் கேட்டால் திருச்சி உறையூரையும் மலையடிவாரத் திண்டுக்கல்லையும் சொல்லுங்கள், வேடசந்தூரில், முன்பு மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் இருந்த நிறுவனத்தின் கிளை இருப்பதையும் சேர்த்து. சட்டக் கேள்வியும் வரும். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி பொது இடத்தில் புகைக்கக் கூடாது, 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. ஹோட்டல்களைப் பொறுத்தவரை, 30 அல்லது அதற்கு மேல் அறைகள் இருந்தால் தனியாக ஒதுக்கிய புகைக்கும் பகுதி வைக்கலாம். 'நீங்க பிடிப்பீங்களா?' என்று கேட்டால் இல்லை என்று நிம்மதியாகச் சொல்லலாம். நான் ஒன்றுகூடப் பிடித்ததில்லை, அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.

கடைசியாக, தேர்வு காலையில் என்றால் உப்புப் பையை முந்தின மாலையே போட்டாக வேண்டும். லேப் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு அலமாரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பை மேல் உங்கள் பதிவெண்ணையும் வைத்த நேரத்தையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள்.